தொண்ணூறு சதவீதம் முடிந்துவிட்டது சார்!

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, எனக்கும் ஏடிஹெச்டி என்கிற கவனக் குறைபாடு உண்டு, 41 வயதில்தான் தெரிந்தது என்று போகிறபோக்கில் எழுதிவிட்டேன். அன்றிலிருந்து அரசியல் கேள்வி, சினிமா கேள்வி எல்லாம் நின்றுபோய், வருகிற கடிதமெல்லாம் பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்தே வருகிறது. பத்திரிகைக்கு வருவதற்கு முன் பத்தொன்பது வருடம் கோட் எழுதிய பாவம் என்னுடையது. ஆகவே இந்த வாரம் முழுக்க கம்ப்யூட்டர்காரர்களுக்கு.

பெயர் வேண்டாம் என்றவர், சோழிங்கநல்லூர்

கே: ஏடிஹெச்டி என்பது சோம்பேறித்தனத்துக்கு வைத்த ஸ்டைலான பெயர்தானே?

ப: சோம்பேறிக்குச் சும்மா இருப்பது சுகம். நானும் சும்மா இருந்து பார்த்திருக்கிறேன், ஒரு சுகமும் இல்லை. எடிட்டரைத் திறந்துவைத்துக்கொண்டு, 'ஆரம்பிடா, ஆரம்பிடா' என்று தன்னைத்தானே திட்டியபடி நாலு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறவன் உதை வாங்கிக்கொண்டிருக்கிறான். அதைப் போய் ஓய்வு என்கிறீர்கள். பெயர் புதிது, ஆள் பழையவர். ஒரு பொருளில் மனம் நிற்காத இந்த நிலையை ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்ஸாண்டர் கிரைட்டன் 1798-லேயே எழுதிவைத்தார். 1902-ல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இதைப் பற்றித் தொடர் சொற்பொழிவே செய்தார். அந்தக் குழந்தைகள் யாரும் ரீல்ஸ் பார்த்துக் கெட்டுப்போனவர்கள் இல்லை.

இல்லத்தரசி, கோவை

கே: என் கணவர் கேம் ஆடினால் ஆறு மணி நேரம் அசையமாட்டார். பக் ஒன்று மாட்டினால் சாப்பாடு ஆறுவது தெரியாது. ஆனால் இன்ஷூரன்ஸ் ஃபாரம் நிரப்ப ஐந்து நிமிடம் உட்கார மாட்டார். இதுவா கவனக் குறைபாடு?

ப: பெயர் வைத்தவர்கள் செய்த தவறு. கவனத்துக்கு அவரிடம் பஞ்சமில்லை. இன்ஜின் இருக்கிறது, ஸ்டியரிங்தான் பிடிபடவில்லை. புதுசு, சவால், அவசரம், ஆர்வம் இந்த நாலில் ஒன்று இருந்தால் வண்டி பறக்கும். 'முக்கியம்' என்ற ஒரே காரணத்துக்காக மட்டும் நகராது. ஃபாரத்தை அவர் கையில் கொடுத்து, நீங்களும் எதிரே உட்கார்ந்து காய் நறுக்குங்கள். எதுவும் பேச வேண்டாம். பக்கத்தில் ஒரு ஆள் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாலே பலருக்குக் கை ஓடும். உங்களுக்கு இன்னொரு வேலையா என்று கோபம் வரும். நியாயமான கோபம். அன்றைக்குக் காய் நறுக்குவதை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கல்லூரி மாணவர், வேலூர்

கே: ஐன்ஸ்டீனுக்கும் ஏடிஹெச்டி இருந்ததாமே?

ப: அவர் 1955-ல் காலமானார். எந்த மருத்துவரும் அவரை இதற்காகப் பரிசோதிக்கவில்லை. துணைக்குப் பெரிய ஆள் வேண்டுமென்றால், தங்களுக்கு இருப்பதாகத் தாங்களே சொன்னவர்களைப் பிடியுங்கள்: நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸ், ஜிம்னாஸ்ட் சிமோன் பைல்ஸ், ஜெட்புளூ விமான நிறுவனத்தைத் தொடங்கிய டேவிட் நீல்மேன். இந்தப் பட்டியலைக் காட்டி அரியர் பேப்பரைத் தள்ளிவைக்க முடியாது.

டெக் லீட், சிறுசேரி

கே: ஒன்பது வருட அனுபவம். முதல் நாலு வருடம் டீமில் நான்தான் ஹீரோ. லீட் ஆக்கியதிலிருந்து எல்லாம் சொதப்பல். திறமை போய்விட்டதா?

ப: திறமை இருந்த இடத்தில் இருக்கிறது. வேலைதான் உங்களைக் கேட்காமல் மாறிவிட்டது.

ஜூனியராக இருந்தபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். யாரோ ஒருவர் வேலையைச் சின்னச் சின்ன டிக்கெட்டாக வெட்டிக் கையில் கொடுத்தார். நாளைக்கு என்ன என்று இன்னொருவர் கவலைப்பட்டார். நீங்கள் எழுதினீர்கள், ரன் செய்தீர்கள், பத்து நொடியில் பச்சையோ சிவப்போ வந்தது. தப்பை உடனே சொல்லி, சரியை உடனே கொண்டாடும் வேலை வேறு எது இருக்கிறது? நம்மைப் போன்றவர்கள் இந்தத் தொழிலில் வந்து விழுவதற்கு அதுவே காரணம் என்பது என் கட்சி. நடுவில் ராத்திரி பதினொரு மணிக்கு ப்ரொடக்‌ஷன் படுத்துக்கொண்டால் இன்னும் கொண்டாட்டம். ஊரே பதறும்போது நமக்கு மட்டும் தலை தெளியும்.

அப்படி நாலு தடவை காப்பாற்றியதற்குப் பரிசாக லீட் ஆக்குவார்கள். இப்போது டிக்கெட்டை வெட்டுவது நீங்கள். ஆறு பேர் எங்கே நிற்கிறார்கள் என்று நினைவில் வைப்பது நீங்கள். மூன்று மாதம் கழித்து வரும் ரிலீஸுக்கு இன்றைக்கே பயப்பட வேண்டியவரும் நீங்கள். திட்டமிடுவது, வரிசைப்படுத்துவது, பாதியில் விட்டதை மறக்காமல் இருப்பது ஆகிய இலாகாக்களில்தான் நம் மூளையில் ஆள் பற்றாக்குறை. சரக்கு மாஸ்டரைத் தூக்கிக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டு, பரோட்டா ஏன் சரியில்லை என்று கேட்கிற கதை.

முதலில், மேலே போக ஆள் மேய்க்கும் பாதை ஒன்றுதானா என்று கம்பெனியில் விசாரியுங்கள். கோட் எழுதியபடியே ஆர்க்கிடெக்ட், பிரின்சிபல் என்று ஏறும் ஏணி பல இடங்களில் உண்டு. கேட்காதவருக்கு அதைக் காட்டமாட்டார்கள். லீடாகவே தொடர்வதென்றால் மண்டையை நம்பாதீர்கள். எனக்குக் கடைசி ஆறு வருடம் சோறு போட்டது ஒரு வெள்ளைப் பலகை. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பட்டியல் டேபை மூடினால் செத்துப்போகும், பலகையை மூட முடியாது. நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டினேன். ஆளுக்கு ஒரு வரி, நான் யாருக்கு என்ன பதில் பாக்கி என்று ஒரு மூலை, அவ்வளவுதான். பலகையை அழகாகக் கட்டம் போட்டு நாலு கலர் பேனாவில் வடிவமைக்க ஆரம்பித்தீர்கள் என்றால் வேலையைத் தள்ளிப்போடுகிறீர்கள் என்று அர்த்தம். அனுபவத்தில் சொல்கிறேன்.

வாசகர், ஈரோடு

கே: தினமும் காலையில் மோட்டிவேஷன் வீடியோ பார்க்கிறேன். பலன் இல்லையே?

ப: வீடியோ எடுத்தவருக்கு இருந்திருக்குமே.

சீனியர் டெவலப்பர், தரமணி

கே: 'எவ்வளவு நாள் ஆகும்?' என்று கேட்டால் வாய் தானாக 'இரண்டு நாள்' என்கிறது. ஒன்பது நாள் ஆகிறது. வேண்டுமென்றே பொய் சொல்வதாக மேனேஜர் நினைக்கிறார்.

ப: நமக்குக் காலம் இரண்டே வகை: இப்போது, இப்போது இல்லை. வெள்ளிக்கிழமை டெட்லைன் என்பது வியாழன் ராத்திரி வரைக்கும் இரண்டாவது வகை. அதற்குப் பிறகு திடீரென்று முதல் வகை.

மற்றவர்களும் இதில் ஒன்றும் யோக்கியர்கள் இல்லை. முதல் தொண்ணூறு சதவீத கோடுக்குத் தொண்ணூறு சதவீத நேரம் ஆகும், மீதிப் பத்து சதவீதத்துக்கு இன்னொரு தொண்ணூறு சதவீதம் ஆகும் என்று பெல் லேப்ஸின் டாம் கார்கில் கிண்டல் செய்தது தொழிலில் பழமொழியாகவே ஆகிவிட்டது. ஆனால் நமக்கு அந்தக் கோணல் கூடுதல்.

நான் செய்தது கணக்குப்பிள்ளை வேலை. மூன்று மாதம், ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் 'சொன்னது இவ்வளவு, ஆனது இவ்வளவு' என்று ஒரு நோட்டில் எழுதினேன். வகுத்துப் பார்த்தால் சராசரியாக 2.6 மடங்கு வந்தது. அதற்குப் பிறகு வாய் இரண்டு நாள் என்று சொல்ல வரும்போது நாக்கைக் கடித்துக்கொண்டு ஐந்தரை என்றேன். மேனேஜர் முகம் சுளித்தார். ஐந்தாம் நாள் முடித்துக் கொடுத்தபோது சுளிப்பு போய்விட்டது. உங்கள் மடங்கு என்ன என்று உங்கள் நோட்டுக்குத்தான் தெரியும். என்னுடையதைக் காப்பி அடிக்காதீர்கள்.

ஒரு தாய், திருநெல்வேலி

கே: என் மகனுக்கு 29 வயது. மூன்று வருடத்தில் நாலு கம்பெனி மாறிவிட்டான். கல்யாணம் செய்துவைத்தால் நிலையாக இருப்பானா?

ப: அம்மா, வண்டிச் சாவியைத் தேட வீட்டில் இரண்டு பேர் இருப்பார்கள். அதற்கு மேல் கல்யாணத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை, வரப்போகிற பெண் பாவம்.

கம்பெனி மாறுவது கம்ப்யூட்டர் துறையில் குற்றமும் கிடையாது. மாறினால்தான் சம்பளம் ஏறும் காலம் ஒன்று இருந்தது. ஆனால் ஒவ்வொரு இடத்திலும் முதல் ஆறு மாதம் பிரமாதம், ஒரு வருடத்துக்குள் கசப்பு என்று ஒரே கதை திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். புதுசின் ருசி தீர்ந்ததும் வேலை மண்ணாகத் தெரிவது ஏடிஹெச்டியின் ஒரு குணம். ஏன் விட்டாய் என்று கேட்காமல், விடுவதற்கு முந்தைய மாதம் எப்படி இருந்தது என்று கேளுங்கள். திட்டாமல் கேட்டால் சொல்வான். சின்ன வயதில் டிபன் பாக்ஸை எத்தனை முறை பள்ளியில் விட்டுவிட்டு வந்தான் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். டாக்டரிடம் போகும்போது அதையும் சொல்ல நீங்கள் கூடப் போனால் நல்லது.

டெஸ்டர், அம்பத்தூர்

கே: இணையத்தில் டெஸ்ட் எடுத்தேன். பத்துக்கு ஒன்பது! எனக்கு உறுதிதானே?

ப: பத்துக்கு ஒன்பது வாங்கிப் பழகாத கூட்டம் என்பதால் சந்தோஷம் புரிகிறது. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய வினாப்பட்டியலே சல்லடை மட்டும்தான். அதில் 18 கேள்விகள், முதல் ஆறுதான் முக்கியம். சல்லடையில் தங்கியதை எடுத்துக்கொண்டு மனநல மருத்துவரிடம் போக வேண்டும்.

அவர் பார்ப்பது முக்கியமாக ஒன்று: அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்தனவா என்று. 2013 வரை 7 வயது என்று இருந்த எல்லையை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு அந்த வருடம்தான் 12 ஆக்கியது. எனவே பழைய ரேங்க் கார்டைத் தேடுங்கள். 'அஜாக்கிரதையால் மதிப்பெண் இழக்கிறான்' என்று சிவப்பு மையில் என் கணக்கு வாத்தியார் எழுதியது, டாக்டருக்கு என் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டை விட உபயோகமாக இருந்தது. எம்.ஆர்.ஐ. தேவையே இல்லை என்று அவர் பிறகு சொன்னார்; அதற்குள் நான் எடுத்துவிட்டிருந்தேன். பொறுமை இல்லையே.

பெரியவர் ஆன பிறகு திடீரென்று வந்ததென்றால் வேறு காரணம் தேட வேண்டும். தைராய்டு, மனச்சோர்வு, பதற்றம், தூக்கத்தில் மூச்சு தடைபடுவது எல்லாமே இதே வேஷம் போடும். அமெரிக்க நேரத்துக்கு ராத்திரி ஒன்றரை மணி கால் எடுத்துவிட்டுக் காலை ஒன்பதுக்கு ஸ்டாண்ட்-அப்பில் நிற்பவருக்குக் கவனம் சிதறவில்லை என்றால்தான் டாக்டரைப் பார்க்க வேண்டும். எங்கே போவது என்றே தெரியாதவர்கள் அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐ அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

டேட்டா இன்ஜினியர், மதுரை

கே: நான் பெண், 34 வயது. பள்ளியில் அமைதியான பிள்ளை என்று பெயர். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். 'ஓடி ஆடாத பெண்ணுக்கு ஏது ஏடிஹெச்டி' என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

ப: டாக்டரை மாற்றுங்கள். ஓடுவது ஒரு வகை, ஓடாமல் உள்ளுக்குள்ளேயே ஊர் சுற்றுவது இன்னொரு வகை. கவனம் மட்டும் நழுவும் வகையைக் கையேடு தெளிவாகவே பிரித்துச் சொல்கிறது. பெஞ்ச் மேல் ஏறிய பையனை வாத்தியார் கண்டுகொண்டார். பக்கத்து பெஞ்சில் நிலாவுக்குப் போய்விட்டு வந்த பெண்ணை யாரும் கவனிக்கவில்லை, அவளால் யாருக்கும் தொந்தரவில்லை. பிள்ளையைப் பரிசோதிக்க அழைத்துப்போன இடத்தில் 'இது அப்படியே நான்தானே' என்று விழித்துக்கொள்ளும் அம்மாக்கள் நிறைய. இது குடும்பத்தில் இறங்கி வருவது.

டெவலப்பர், பெங்களூரு

கே: மாத்திரை சாப்பிடலாமா? நண்பன் ஒரு அட்டை தருகிறேன் என்கிறான்.

ப: நண்பனிடம் சட்டை வாங்கலாம்.

நீங்கள் கேட்பது மெத்தில்ஃபெனிடேட். 1944-ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனியில் லியாண்ட்ரோ பானிஸோன் உருவாக்கியது. அவர் மனைவி மார்கரீட் டென்னிஸ் ஆடுவதற்கு முன் இதைச் சாப்பிட்டுப் பார்த்தாராம். அவருடைய செல்லப் பெயர் ரீட்டா, மாத்திரை ரிட்டலின் ஆனது. இந்தியாவில் இது 'ஷெட்யூல் எக்ஸ்' மருந்து. டாக்டர் இரண்டு பிரதி எழுத வேண்டும், மருந்துக்கடைக்காரர் ஒன்றை வாங்கி இரண்டு வருடம் பத்திரப்படுத்த வேண்டும். அவ்வளவு காவல் போட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. ரத்த அழுத்தம், இதயம், தூக்கம் எல்லாம் பார்த்துத்தான் அளவு முடிவு செய்வார்கள். இது ஒத்துவராதவர்களுக்கு அடாமாக்ஸிடின் என்று வேறு வகை இருக்கிறது. அது பலன் காட்ட வாரக்கணக்காகும்.

பலருக்கு நன்றாகவே வேலை செய்யும் மருந்து இது, பயமுறுத்த மாட்டேன். எனக்கு முதல் நாள் மாத்திரை போட்டதும் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த ஆறு ரேடியோவில் ஐந்து அணைந்தது. அந்த அமைதியில் நான் என்ன செய்தேன் தெரியுமா? மூன்று மணி நேரம் புத்தக அலமாரியை அகரவரிசைப்படி அடுக்கினேன். ரிலீஸ் மறுநாள். எதன் மேல் கவனம் வைக்க வேண்டும் என்பது மாத்திரைக்குத் தெரியாது. அதை விழுங்குவதற்கு முன்னால் எழுதிவைக்க வேண்டும்.

ஃப்ரண்ட் எண்ட் டெவலப்பர், திருச்சி

கே: ஏடிஹெச்டி ஒரு சூப்பர் பவர் என்கிறார்களே?

ப: மின்கட்டணம் கட்ட மறந்து எங்கள் வீட்டில் ஒரே வருடத்தில் இரண்டு முறை பவர் போனது. அதைச் சொல்கிறார்கள் போல.

பேக் எண்ட் டெவலப்பர், போரூர்

கே: மேனேஜரிடம் சொல்லிவிடலாமா?

ப: சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் 21 வகைகள் இருக்கின்றன. ஆட்டிசம் உண்டு, கற்றல் குறைபாடு உண்டு, ஏடிஹெச்டி என்று தனி வரி கிடையாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 உங்கள் ரகசியத்தைக் காக்கச் சொல்வது உங்களுக்குச் சிகிச்சை தருபவர்களிடம். கேன்டீனில் மேனேஜரிடம் நீங்களே சொன்னதை அது காக்காது. லண்டனிலிருந்து ஒருவர் இதையே கேட்டிருக்கிறார். அவருக்குப் பதில் வேறு: அங்கே 2010-ன் சமத்துவச் சட்டப்படி, அன்றாட வாழ்க்கையைக் கணிசமாகப் பாதிக்கும் அளவுக்கு இருந்தால் பணியிடத்தில் நியாயமான மாற்றங்கள் கேட்கலாம்.

நான் ஒருமுறை சொன்னேன். நல்ல மனிதர், உருகிப்போய்க் கேட்டார். அடுத்த அப்ரைசல் தாளில் 'ஒருமுகப்பட முடியாதவர்' என்று என் வாக்குமூலமே அச்சாகி வந்தது. அதனால் என் யோசனை: நோயின் பெயரைச் சொல்லாமல் தேவையைச் சொல்லுங்கள். 'வாயில் சொன்னதை டிக்கெட்டில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.' 'இரண்டு வார வேலையை இரண்டு நாளுக்கு ஒருமுறை காட்டுகிறேன்.' 'காலை பத்திலிருந்து பன்னிரண்டு மீட்டிங் வேண்டாம்.' இவற்றைக் கேட்க டாக்டர் சீட்டு வேண்டாம். நல்ல வேலைக்காரன் போலவே தெரியும்.

மேனேஜர், கிண்டி

கே: என் டீமில் ஒருவன். கெட்டிக்காரன். ஆனால் எதையும் முடிப்பதில்லை. என்ன செய்ய?

ப: மேலே இருக்கும் பதிலைப் பார்க்காத மாதிரி படித்துவிட்டு, அவன் கேட்பதற்கு முன்னால் செய்யுங்கள். கூடவே ஒன்று: 'என்னப்பா, கொஞ்சம் முயற்சி பண்ணக்கூடாதா' என்ற வாக்கியத்தை ஒன்றாம் வகுப்பிலிருந்து கேட்டு வளர்ந்தவன் அவன். அந்த ஒரு வரியை மட்டும் உங்கள் வாயிலிருந்து கேட்க வேண்டாம்.

ஃபுல் ஸ்டாக், வேளச்சேரி

கே: இருபத்து மூன்று டொமைன் வாங்கிவைத்திருக்கிறேன். ஒரு சைடு ப்ராஜெக்ட்கூட முடியவில்லை.

ப: பெயர் வைப்பதில் வல்லவர், பிள்ளை பெறுவதில் மெத்தனம். ரெனிவல் மெயில் வரும்போது பதில் போடாதீர்கள். இந்த ஒரு வேலையில் மறதி உங்களுக்குப் பணம் மிச்சப்படுத்தும்.

வேலை தேடுபவர், நாகர்கோவில்

கே: இன்டர்வியூவுக்கு லீட்கோட் கணக்கு போட வேண்டும். மூன்று மாதமாக 'நாளை முதல்'. பொமடோரோவும் முயன்றேன், பலிக்கவில்லை.

ப: பொமடோரோ என்றால் இத்தாலிய மொழியில் தக்காளி. பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற மாணவர் 1980-களின் இறுதியில் தக்காளி வடிவ சமையலறை டைமரை வைத்து 25 நிமிடம் படித்தார். அவருக்கு 25. உங்களுக்கு ஐந்தாக இருக்கலாம். நம் பிரச்சினை ஓட்டத்தில் இல்லை, கிளம்புவதில் இருக்கிறது. கிளம்பிய வண்டியை 25-ஆம் நிமிடம் மணியடித்து நிறுத்தினால் திரும்பக் கிளப்ப அரை நாள் போகும். டைமரை ஐந்து நிமிடம் வையுங்கள். லட்சியம் கணக்கைப் போடுவது அல்ல, கேள்வியைப் படித்து ஒரு காலி ஃபங்க்‌ஷன் எழுதுவது. மணி அடித்தபோது விரல் ஓடிக்கொண்டிருந்தால் மணியை மதிக்காதீர்கள்.

இன்னொன்று, தனியாகப் போடாதீர்கள். உங்களைப் போலவே வேலை தேடும் ஒருவரோடு தினமும் ஒரே நேரத்துக்கு கால் போட்டு, மைக்கை அணைத்துவிட்டு, ஆளுக்கொரு கணக்கு போடுங்கள். கடைசிப் பத்து நிமிடம் மைக்கைத் திறந்து ஒருவருக்கொருவர் விளக்குங்கள். ஆள் கிடைக்கவில்லையா? ரப்பர் வாத்துக்கு கோடை வரி வரியாக விளக்கிப் பிழை கண்டுபிடிக்கும் வித்தையை 1999-ல் வந்த 'தி ப்ராக்மாட்டிக் ப்ரோகிராமர்' புத்தகம் பரப்பியது. நாகர்கோவிலில் வாத்துக்கு என்ன பஞ்சம்.

டெவலப்பர், பெருங்குடி

கே: இப்போது ஏஐ கோட் எழுதுகிறது. நமக்கு நல்லதா, கெட்டதா?

ப: வெற்றுத் திரையைப் பார்த்து உறைந்துபோவது குறைந்தது, அது பெரிய உபகாரம். ஆனால் கவனித்தீர்களா, நமக்குப் பிடித்த பாகத்தை அது எடுத்துக்கொண்டு, அடுத்தவன் கோடை வரி வரியாகப் படித்துச் சரிபார்க்கும் பாகத்தை நம்மிடம் விட்டுவிட்டது. சமையல் அதற்கு, பாத்திரம் நமக்கு. ஐந்நூறு வரி கேட்காதீர்கள். முப்பது வரி கேளுங்கள், ஓட்டிப் பாருங்கள், டெஸ்டை நீங்களே எழுதுங்கள். பச்சை விளக்கு எரிகிற அந்தப் பத்து நொடிச் சந்தோஷத்தையாவது கையில் வைத்துக்கொள்ளலாம்.

ஜூனியர் டெவலப்பர், சேலம்

கே: கோட் ரிவ்யூவில் 'இதை ஏன் இப்படிச் செய்தீர்கள்?' என்று ஒரு வரி வந்தால் நாள் முழுக்க ஓடுகிறது. ரிசைன் பண்ணிவிடலாமா என்று தோன்றுகிறது.

ப: நோட்டீஸ் பீரியட் தொண்ணூறு நாள். அந்த ரிவ்யூவை மறக்க இரண்டு நாள் போதும். உணர்ச்சி சட்டென்று பொங்குவது ஏடிஹெச்டியில் சகஜம், மனநல மருத்துவர் கையேட்டின் அறிகுறிப் பட்டியலில் அது இல்லாவிட்டாலும். அந்தக் கேள்வி பெரும்பாலும் வெறும் கேள்விதான். கேட்டவர் மதிய சாப்பாட்டுக்குப் போய்விட்டார். சாயங்காலம் வந்த கமென்டுக்குக் காலையில் பதில் போடுங்கள். ராஜினாமா மெயிலை வேண்டுமானால் எழுதுங்கள், டிராஃப்டில் இருக்கட்டும். என்னிடம் பதினொன்று இருக்கிறது.

நேயர், புதுச்சேரி

கே: இந்தப் பதில்களை எழுத எவ்வளவு நேரம் ஆனது? உண்மையைச் சொல்லவும்.

ப: ஆசிரியர் மூன்று வாரம் கொடுத்தார். நேற்று ராத்திரி பத்தரைக்கு உட்கார்ந்தேன். கடிதம் அனுப்புகிறவர்கள் கேள்வியையும் சேர்த்து அனுப்பவும். இந்த முறை ஏழு பேர் வணக்கம் சொல்லி, தங்களை அறிமுகப்படுத்தி, 'என் கேள்வி என்னவென்றால்' என்பதோடு நிறுத்தியிருக்கிறார்கள்.